துடைக்கக் கூடாத கண்ணாடி

கண்ணாடியக்கா ஓய்வு பெற்றபோது எங்கள் நிறுவனத்தின் செய்திமடலுக்கு அவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். இருபத்தாறு வருஷம் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தவன் என்பதால் அந்த மரியாதை எனக்குக் கிடைத்தது. எழுதிக் கொடுத்தேன். கடமை தவறாதவர், நேரம் தவறாதவர், எல்லோரிடமும் சிரித்த முகமாகப் பழகியவர் என்று இந்த மாதிரிக் கட்டுரைகளில் இருக்க வேண்டிய சரக்கெல்லாம் அதில் இருந்தது. பெயரை மட்டும் மாற்றினால் வாசல் காவலாளிக்கும் பொருந்தும். உள்ளதை எழுத அரைப் பக்கம் போதாது, எனக்குத் துணிச்சலும் போதவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் ஸ்டோர்காரன். ஆய்வுக்கூடத்துக்கு வேண்டிய திருகாணி முதல் லேசர் விளக்கு வரை என் அலமாரிகளில் இருக்கும். சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால் எடுத்துக் கொடுப்பேன். காலை ஒன்பதுக்குத் திறப்பேன், மாலை ஐந்துக்குப் பூட்டுவேன். ஐந்து என்றால் ஐந்துதான், ஐந்தும் ஒன்றும் கிடையாது. அதனால் எனக்கு ‘அஞ்சு மணி’ என்று பட்டப்பெயர். அந்தப் பெயரைக் கேட்டு உள்ளூர எனக்குப் பெருமைகூட இருந்தது, வெட்கக்கேடு.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒளிதான் வேலை. ஒரு முனையில் லேசர் கதிரை விட்டு, பத்திருபது கண்ணாடிகளில் தட்டித் திருப்பி, லென்ஸ்களுக்குள் நுழைத்து, மறுமுனையில் என்ன ஆகிறது என்று பார்ப்பார்கள். வழியில் ஒரு கண்ணாடிமேல் ஒரே ஒரு விரல் ரேகை இருந்தால் போதும், கதிர் கலங்கிப்போகும். பலமான லேசராக இருந்தால் ரேகை இருந்த இடத்தில் கண்ணாடியே வெந்துபோகும். அந்தக் கண்ணாடிகளையெல்லாம் தினமும் துடைத்து வைப்பதுதான் அக்காவின் வேலை. சம்பளப் பட்டியலில் ‘இரண்டாம் நிலைத் தொழில்நுட்பப் பணியாளர்’ என்று ஒரு வரி நீளத்துக்குப் போட்டிருப்பார்கள். எங்களுக்கு அவர் கண்ணாடியக்கா.

துடைப்பதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். நானும் ஒரு தடவை அப்படிக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். மெல்லிய டிஷ்யூவை விரல் படாமல் மடித்து, நுனியில் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டு, கண்ணாடியின் ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை ஒரே சீராக இழுத்து எடுத்துவிட வேண்டும். அழுத்தக் கூடாது, வட்டமாகத் தேய்க்கக் கூடாது, ஒரு டிஷ்யூவை இரண்டாம் முறை தொடக் கூடாது. முதல் இழுப்பில் தூசி போகும், இரண்டாவதில் ரேகை போகும். மூன்றாவது இழுப்பு அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை. அக்கா இடது கைக்காரர். மற்றவர்கள் இடமிருந்து வலமாக இழுத்தால், அவர் வலமிருந்து இடமாக இழுப்பார். காலை ஏழு மணிக்கு, லேசரெல்லாம் உறங்கும் நேரத்தில் வந்து, ஒன்பதுக்குள் ஐந்து மேஜைகளையும் முடித்துவிடுவார்.

சில கண்ணாடிகளைத் துடைக்கவே கூடாது. அவற்றின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத அளவில் கோடுகள் கீறியிருப்பார்கள். டிஷ்யூ பட்டால் கோடு போச்சு, கண்ணாடியும் போச்சு. அப்படிப்பட்டவற்றைத் தாங்கும் சட்டத்தில் சிவப்பு டேப் ஒட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தவரே அக்காதான். ஏன் சிவப்பு என்று கேட்டேன்.

“கை ஓட ஆரம்பிச்சா தலை சொல்றதக் கேக்காது, ஸ்டோரு. கண்ணுல சிவப்பு பட்டாதான் நிக்கும்,” என்றார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் எங்களிடம் ஓர் ஆராய்ச்சியாளர் இருந்தார். முப்பத்து நாலு வயது, இரண்டு வருஷ ஒப்பந்தம், எப்போதும் ஒரு பித்தான் குறைவான சட்டை. தட்டையான லென்ஸ் செய்யப்போகிறேன் என்று வந்தவர், அதனால் கட்டடம் முழுக்க அவருக்குத் தட்டையார் என்று பெயர் வைத்துவிட்டது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. தொலைபேசியை எடுத்தால், “தட்டைதான் பேசறேன்,” என்பார்.

லென்ஸ் என்றால் நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து வளைந்திருக்கும், அது நமக்குத் தெரியும். இவருடையது கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சப்பைக் கண்ணாடி. நடுவில் மட்டும் கோடிக்கணக்கான தூண்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே நூறு தூண்களை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சன்னம். அது எப்படி லென்ஸ் ஆகும் என்று கேட்டதற்கு, என் மேஜைமேல் சாய்ந்துகொண்டு சொன்னார்: “அண்ணே, நூறு பேர் வரிசையா நடந்து வர்றாங்க. ஒவ்வொருத்தரையும் ஒவ்வொரு அளவுக்கு லேசா தாமதப்படுத்தி விட்டா, மொத்தக் கூட்டமும் தானா ஒரு பக்கம் திரும்பும். இந்தத் தூண் ஒவ்வொண்ணும் வெளிச்சத்த அப்படித் தாமதப்படுத்தும். எந்தத் தூண் எவ்வளவு பருமன்னு கணக்குப் போட்டு வெச்சா, எல்லா வெளிச்சமும் ஒரே புள்ளியில வந்து சேரும்.”

எதற்கு இவ்வளவு பாடு என்றால், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் கண்ணுக்குள் பார்க்கும் கேமராவுக்கு. இப்போது இருக்கும் கருவி மேஜை அளவு, அதை வாங்க முடியாத மருத்துவமனைகள்தான் அதிகம். தட்டை லென்ஸ் வந்தால் பேனா பருமனில் ஒரு கேமரா செய்து செவிலியர் கையிலேயே கொடுத்துவிடலாம். அக்காவின் மகள் அப்போது செவிலியர் படிப்பில் இருந்தாள். அக்கா வேலையில் இல்லாத எதையும் விசாரிக்க மாட்டார், இதை மட்டும் வாரம் தவறாமல் விசாரிப்பார். “என்ன தம்பி, நம்ம பேனா எந்த அளவுல இருக்கு?” என்பார். நம்ம பேனா.

இரண்டு வருஷத்தில் ஒன்பது லென்ஸ்கள் செய்து வந்தன. வேறோர் ஊரில், தூசி புகாத சுத்த அறையில் வரிசையில் காத்திருந்து செய்வது, ஒரு தடவைக்கு மாதக் கணக்கில் ஆகும். எட்டு கோளாறு. ஒன்பதாவது மட்டும் கச்சிதமாக வேலை செய்தது. சோதனைக்கு வைத்த எழுத்து அட்டையின் கடைசி வரிகூடத் திரையில் துல்லியமாகத் தெரிந்த அன்று, தட்டையார் ஸ்டோருக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் குலுக்கினார்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. நான்கு பேர் வந்து லென்ஸைப் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் ஒப்பந்தம் மூன்று வருஷம் நீளும், இல்லையென்றால் மாதக் கடைசியில் தட்டையார் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். திங்கள் மாலை அவர் லென்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்து மேஜையில் மாட்டினார். அதுவரை அந்த இடத்தில் இருந்தது அதே அளவில் ஒரு வெற்றுக் கண்ணாடி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்தது. மாதக் கணக்காக அக்கா தினமும் துடைத்து வந்ததும் அதைத்தான்.

“அக்கா, நல்ல லென்ஸ மாட்டிட்டேன். ஒரு சிவப்பு டேப் ஒட்டிடுங்க,” என்றார்.

அக்காவிடம் இருந்த சுருள் தீர்ந்துபோயிருந்தது. ஸ்டோருக்கு வந்தார். நான் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

“ஸ்டோரு, சிவப்பு டேப் ஒண்ணே ஒண்ணு.”

“மணி என்ன?”

“அஞ்சு அஞ்சு. அஞ்சு நிமிஷம்தானே?”

“நாளைக்கு ஒன்பதுக்கு வாங்க அக்கா. ஒருத்தருக்குத் தொறந்தா ஊருக்கே தொறக்கணும்.”

அவர் கெஞ்சவில்லை. “நீயும் உன் அஞ்சு மணியும்,” என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்கு அன்று அவசரம் எதுவும் இல்லை. வீட்டுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து நேற்றைய செய்தித்தாளைப் படித்தேன். அது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்கா வழக்கம்போல வந்தார். அவர் கணவருக்கு முதுகுத்தண்டில் கோளாறு, படுத்த படுக்கை. முந்தின இரவு வலி அதிகமாகி அக்கா கண்ணை மூடவில்லை. முதல் மேஜை, இரண்டாவது மேஜை என்று கை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது மேஜையில், எப்போதும் துடைக்கும் அந்த இடத்தில், எப்போதும் துடைக்கும் அளவில் கண்ணாடி. நடுவில் மட்டும் மூச்சுப் பட்டதுபோல் மங்கலாக ஒரு வட்டம். யாரோ விரலை வைத்திருக்கிறார்கள் என்று ஓர் இழுப்பு இழுத்தார். போகவில்லை. டிஷ்யூவை மாற்றி இரண்டாவது. அப்போதும் போகவில்லை. மூன்றாவது இழுப்பில் கை பாதியில் நின்றதாம்.

“எந்த ரேகையும் மூணாவதுக்கு நிக்காதுல்ல, ஸ்டோரு. அப்பத்தான் இது ரேகை இல்லைன்னு தலைக்கு ஏறுச்சு.”

அந்த மங்கல் வட்டம்தான் லென்ஸ். கோடி தூண்களும் சேர்ந்து நம் கண்ணுக்கு அழுக்குபோல் தெரியும். முந்தின நாள் மாலை, இதை மாட்டிவிட்டேன் என்று தட்டையார் அவரிடமே சொல்லியிருந்தார். அக்காவுக்குத் தெரியும், கைக்குத்தான் தெரியவில்லை.

இதை அவர் என்னிடம் சொன்னது அன்று மத்தியானம். காலை ஒன்பதுக்கு நான் ஸ்டோரைத் திறந்தபோது வாசலில் நின்றிருந்தார், முகத்தில் ஈயாடவில்லை. நான் கவனிக்காமல், “பாத்தீங்களா, டேப் எங்கயும் ஓடிப்போகல,” என்று நக்கலடித்தபடி சுருளை எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு போய் அந்தச் சட்டத்தில் சிவப்பு டேப்பை ஒட்டினார். எல்லாம் முடிந்த பிறகு ஒட்டினார். ஏன் ஒட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை. ஒன்பதரைக்குத் தட்டையார் வந்தார், டேப்பைப் பார்த்தார்.

“மறக்காம ஒட்டிட்டீங்களே. ரொம்ப நன்றிக்கா,” என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினேன் என்பார் அக்கா.

பதினோரு மணிக்குக் குழு வந்தது. திரையில் எழுத்துக்குப் பதிலாக மழையில் நனைந்த காகிதம் மாதிரி ஏதோ தெரிந்தது. தட்டையார் லேசரைச் சரிபார்த்தார், கண்ணாடிகளைத் திருப்பினார், வியர்த்து வழிந்தார். குழுத் தலைவர் பெண்மணி, நல்ல மனுஷி, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “நேத்து வேலை செஞ்ச லென்ஸ் இன்னிக்கு ஏன் செய்யல?” தெரியவில்லை என்றார் இவர். ஒன்பது நாளில் எழுத்தில் விளக்கம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்கள்.

மத்தியானம் அக்கா ஸ்டோருக்கு வந்து, டிஷ்யூ பெட்டிகளுக்கு நடுவில் இருக்கும் முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். “நான் போய்ச் சொல்லிடறேன், ஸ்டோரு,” என்றார்.

அவரைத் தடுத்தது நான். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

“பைத்தியமா அக்கா உங்களுக்கு? தொழில்நுட்பப் பணியாளர் வேலைய எல்லாம் வெளி ஆளுங்ககிட்ட விடப் போறாங்கன்னு பேச்சு அடிபடுது. எவன் எப்ப தப்புப் பண்ணுவான்னு காத்துக்கிட்டு இருக்காங்க. நீங்களா போய்த் தலையக் குடுப்பீங்களா? வீட்டுல மாமா படுக்கையில, பொண்ணு படிப்புல. தட்டையார் படிச்சவரு, எங்கயும் பொழைச்சுக்குவாரு. வாயத் தொறக்காதீங்க.”

சொன்னதெல்லாம் உண்மைதான், ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் அதைச் சொல்லும்போது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது வேறு. டேப் ஏன் முந்தின நாளே ஒட்டவில்லை என்று கேட்பார்கள், ஸ்டோர் பூட்டியிருந்தது என்று அக்கா சொல்வார், ஐந்து நிமிஷத்துக்காகவா என்று எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் பயந்தது அதற்குத்தான். அக்காவின் குடும்பத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து ஒரு புது வழக்கம் தொடங்கியது. ஒருநாளும் ஒன்பதரைக்கு முன்னால் வராத தட்டையார் காலை ஏழேகாலுக்கே ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிடுவார். வேலை ஒன்றும் செய்ய மாட்டார். மூன்றாவது மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். “சாப்பிட்டீங்களா அக்கா? மாமாவுக்கு வலி எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்பார். அக்காவுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. சந்தேகப்பட்டு வேவு பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது, அப்படியே அக்காவிடம் சொல்லவும் செய்தேன்.

“அவர் எதிர்ல நிக்காதீங்க, மொகத்தப் பாத்தே கண்டுபிடிச்சிடுவார். ரெண்டு மேஜைய முடிச்சுட்டு இங்க வந்துடுங்க. மிச்சத்த அவர் வெளிய போனப்புறம் பாத்துக்கலாம்.”

அதற்காக நான் ஒன்பது மணி ஸ்டோரை ஏழரைக்குத் திறந்தேன். ஆமாம், நானேதான். ஒரு டேப்புக்காக ஐந்து நிமிஷம் திறக்காதவன், ஒளிந்துகொள்வதற்காக ஒன்றரை மணி நேரம் முன்னதாகத் திறந்தேன். முக்காலியில் அக்கா உட்கார்ந்திருப்பார், நான் டீ போட்டுக் கொடுப்பேன். வெளியே தட்டையாரின் செருப்புச் சத்தம் கேட்டால் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவோம். இப்படி ஒன்பது நாள்.

ஒன்பதாம் நாள் அவர் விளக்கம் எழுதிக் கொடுத்தார். ஒரே வரி: லென்ஸ் பழுதானதற்குக் காரணம் தெரியவில்லை. காரணம் தெரியாமல் ஒரே ராத்திரியில் செத்துப்போகும் லென்ஸைக் குழந்தைகளின் கண்ணருகே கொண்டுபோக எந்தக் குழுதான் ஒப்புக்கொள்ளும்? ஒப்பந்தம் நீளவில்லை. மாதக் கடைசியில் தட்டையார் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். அக்காவிடம் சொன்னபோது கொஞ்சம் கூடுதலாக நின்றாராம். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு, “நல்லா இருங்க தம்பி,” என்றாராம்.

அதன்பிறகு ஏழு வருஷம். அக்காவின் வேலை போகவில்லை, மகள் படிப்பை முடித்து மருத்துவமனையில் சேர்ந்தாள், கணவர் இரண்டு வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தார். அக்கா மட்டும் மாறிப்போனார். துடைக்கப் போகும் ஒவ்வொரு கண்ணாடியின் முன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார், பிறகுதான் டிஷ்யூவை எடுப்பார். ஒன்பதுக்கு முடிய வேண்டிய வேலை பத்தரை வரை இழுக்கும். அரைப் பக்கக் கட்டுரையில் அதைத்தான் ‘நிதானம்’ என்று எழுதினேன். பேனா கேமராவைப் பற்றி அவர் பிறகு யாரிடமும் விசாரித்ததில்லை. இந்த வருஷம் ஒருநாள் கருவி விற்பவர் ஒருவர் என் மேஜையில் விளம்பரத் தாளை வைத்துவிட்டுப் போனார். ஏதோ ஒரு தேசத்தில் தட்டை லென்ஸைக் கட்டுக்கட்டாக அச்சடிக்கிறார்களாம், கைப்பேசிக்குள்ளேயே வைக்கிறார்களாம். அக்கா அதை நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

“நம்ம தம்பி இத ஏழு வருஷம் முன்னாடியே செஞ்சாரு,” என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அவருடைய கடைசி வாரத்தில் வந்தது வினை. புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ஒருத்தி, பழைய கணினியைக் காலி செய்யும்போது அதில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டிருக்கிறாள். “இது எந்த லென்ஸ்னு தெரியுமாக்கா? பாவம், எல்லாத் தூணும் விழுந்து கெடக்கு.” எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்த படம். பலமான காற்றில் சாய்ந்த வயல் மாதிரி தூண்களெல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. மூன்று பட்டைகள், மூன்றாவது பட்டை பாதியில் நின்றிருந்தது. எல்லாம் வலமிருந்து இடமாக. மூலையில் தேதியும் நேரமும் இருந்தன: அந்தச் செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி.

அக்கா படத்தை அச்செடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். மேஜைமேல் வைத்தார். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

“அன்னிக்கே அவருக்குத் தெரியும், ஸ்டோரு,” என்றார். “இந்தக் கட்டடத்துல இடது கையால துடைக்கறவ நான் ஒருத்திதானே?”

தட்டையாரின் எண்ணைக் கண்டுபிடிக்க எனக்கு ஒருநாள் ஆனது. எங்கோ ஒரு தொழிற்சாலையில், கைப்பேசித் திரைக் கண்ணாடிகளை வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் பிரிவில் இருக்கிறார். அவருடைய சாப்பாட்டு இடைவேளையில், ஸ்டோரின் கதவைச் சாத்திவிட்டு, அக்கா அழைத்தார். கைப்பேசியை மேஜைமேல் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டோம்.

“தம்பி, நான் கண்ணாடியக்கா பேசறேன்.”

“அக்கா! எப்படி இருக்கீங்க? மாமா எப்படி இருக்கார்?”

மாமா போய்விட்டதைச் சொன்னார். பிறகு அக்கா, “தம்பி, அந்த லென்ஸ நான்தான் துடைச்சேன்,” என்றார்.

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“நான் சொன்னா அது உங்க மேல புகார் ஆயிடும்க்கா. வேலையப் புடுங்கிடுவாங்க. நீங்களே சொன்னா, கை தவறிடுச்சுன்னு முடிஞ்சுபோயிடும். உங்களையும் விட்டுடுவாங்க, லென்ஸ்ல கோளாறு இல்லன்னும் ஆயிடும். ரெண்டு பேரும் சேர்ந்தே அந்தத் தலைவரம்மாகிட்ட போலாம்னு இருந்தேன். அதுக்குத்தான் காலைல சீக்கிரமா வந்தேன். நீங்க தனியா இருப்பீங்க, சொல்றதுக்குச் சங்கடமா இருக்காதுன்னு. ஒன்பது நாளும் வந்தேன். நீங்கதான் மேஜைய விட்டுட்டு எங்கயோ போயிடுவீங்க.”

அக்கா என்னைப் பார்த்தார். நான் அலமாரியில் அடுக்கியிருந்த டேப் சுருள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எனக்கும் கோபம் வந்துதுக்கா, இல்லன்னு சொல்ல மாட்டேன்,” என்றார் தட்டையார். “ரொம்ப நாள் இருந்துது. நல்லவேளையா இப்ப இல்ல. டேப் ஒட்டாம லென்ஸ விட்டுட்டு வீட்டுக்குப் போனது நான்தானே.” சிரிக்கப் பார்த்தார். “ஆமா, நம்ம அஞ்சு மணி அண்ணன் எப்படி இருக்கார்? இன்னும் அஞ்சு மணிக்குத்தான் பூட்டறாரா?”

நல்லா இருக்கார் என்று அக்காதான் சொன்னார்.

அழைப்பு முடிந்ததும் அக்கா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. என் மேஜையிலிருந்து ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து, அதன் பின்பக்கத்தில் இயக்குநருக்கு எழுதினார். இன்ன தேதியில் இன்ன லென்ஸை நான் தவறுதலாகத் துடைத்தேன், லென்ஸில் எந்தக் கோளாறும் இல்லை, ஆராய்ச்சியாளர் மீது எந்தத் தவறும் இல்லை, பழைய கோப்பில் இருக்கும் ‘காரணம் தெரியவில்லை’ என்பதைத் திருத்த வேண்டும். கையெழுத்துப் போட்டார். ஸ்டோரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் என்னை அதைச் சொல்லிக் குத்திக்காட்டியதில்லை. குத்திக்காட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் அந்தச் சீட்டை வாங்கி, கீழே எழுதினேன்: முந்தின நாள் மாலை ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு எச்சரிக்கை டேப் கேட்டு வந்தார், நான் கொடுக்க மறுத்தேன், நடந்ததை மறைக்கச் சொன்னவனும் நானே. கையெழுத்துப் போடும்போது அக்கா தடுக்கவில்லை.

இயக்குநர் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “இதெல்லாம் எந்தக் காலத்துக் கதை? போகட்டும் விடுங்க,” என்றார். அக்கா விடவில்லை. கோப்பில் சேர்த்து, திருத்தி, ஒரு நகல் தட்டையாருக்குப் போகும் வரை அந்த அறையிலேயே நின்றார். நகல் கிடைத்ததாக அவரிடமிருந்து பதில் வந்தது. பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் அக்கா என்று எழுதியிருந்தார். அதற்குமேல் அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? வேறு யாரோ அச்சடித்த லென்ஸ் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அக்கா அந்த வெள்ளிக்கிழமையே ஓய்வு பெற்றார். எனக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. இப்போதெல்லாம் ஸ்டோரை ஆறரை வரை திறந்து வைத்திருக்கிறேன், சிவப்பு டேப் சுருள்களை வாசலிலேயே சீட்டில்லாமல் எடுத்துக்கொள்ளும்படி மாட்டியிருக்கிறேன். ஐந்துக்கு மேல் யாரும் வருவதில்லை. பூட்டியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.